கலோஜெரோ சாகாத படம்

ரோமாபுரிக்கு வெளியே ஒரு மண்மேட்டில், அட்டையில் செய்து சாயம் பூசிய கோட்டை வாசலில் கலோஜெரோ முதல் தடவையாகச் செத்த அன்றைக்கு, ஒரு கடலும் ஏகப்பட்ட மலைகளும் தாண்டி சிசிலித் தீவின் நடுவில் கிடந்த அவனுடைய சொந்த ஊரான ரோக்காசேத்தேயில் மழை பெய்தது. அது ஜூலை மாதம், அந்த ஊரில் ஜூலையில் மழை கிடையாது. ஜூலை என்ன, மற்ற மாதங்களிலும் வானம் அந்த ஊரை மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது, மழைத்தண்ணீர் பிடித்துவைக்கும் பொதுத் தொட்டியின் அடியில் பல்லிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஊரில், மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் மழை வந்தது, ஒரு மனிதன் குத்துப்பட்டு, உட்கார்ந்து, எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, கடைசியில் சாவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பெய்தது, நின்றது. ஊர்க்காரர்கள் காயப்போட்ட துணிகளை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்கள்.

கலோஜெரோ ரோமாபுரிக்குப் போனது சாவதற்காக இல்லை, கொத்துவேலைக்காக. வேலை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் ஒரு சினிமா படப்பிடிப்பில் சுண்ணாம்புத் தூண்களைத் தூக்கி நிறுத்தும் ஆளாகச் சேர்ந்தான். ஒரு நாள் படைவீரர்களில் ஓர் ஆள் குறைந்தது. இவனுக்குக் கவசத்தை மாட்டிவிட்டு, ஈட்டி வரும், விழு என்றார்கள். மற்றவர்கள் எல்லாரும் மூட்டை சரிவதுபோல் சரிந்தார்கள். இவனுக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு மனிதன் அப்படிப் பொசுக்கென்று போய்விடுவானா, வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டியது ஒன்றும் இருக்காதா, ஆட்டை யார் கறப்பார்கள் என்ற கவலை வராதா என்று அவன் அதையெல்லாம் நினைத்து நினைத்துச் செத்ததில், இயக்குநர் ஃபெருச்சோ படத்தை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார், குதிரைக்காரன் ஒருவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். மறுநாளிலிருந்து கலோஜெரோ தூண் தூக்கவில்லை.

அவன் மனைவி அசுந்தா ஊரில் இருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போயிருந்தது. பேச்சு போகவில்லை, அது ஊருக்கே தெரியும். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள், பிடிக்காத பேச்சு என்றால் கண்ணை மூடிக்கொள்வாள், அதற்கு மேல் மேயரே வந்தாலும் அவளிடம் ஒரு சொல்லையும் சேர்க்க முடியாது. ஊரில் ஒரே ஒரு தொலைபேசி, அது அகாத்தாவின் புகையிலைக் கடையில். ஞாயிற்றுக்கிழமைகளில் கலோஜெரோ கூப்பிடுவான், அகாத்தா கேட்டுக்கொண்டு, அவன் சொன்னதைத் தன் உதட்டில் அசுந்தாவுக்குச் சொல்வாள், நடுநடுவே தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துக்கொள்வாள். அகாத்தா எதையும் லேசில் நம்பாத கடுகடுப்பான பெண்பிள்ளை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் செத்தேன் என்று கலோஜெரோ சொன்னபோது, செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் மழையில் தன் சிகரெட்டெல்லாம் நமுத்துப்போனது என்று அவள் முணுமுணுத்தாள். அடுத்த வாரம் அவன் கடற்கொள்ளையன் கையால் செத்தபோதும் அதுவே நடந்தது. மூன்றாவது தடவை, மேயர் நுன்சியோ கடைக்கு வந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு ரோக்காசேத்தேயில் யாரும் அதைப் பற்றி ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் ஆச்சரியப்படுவதற்கு நேரமில்லை, விதைக்க வேண்டியிருந்தது. துப்பாக்கிச் சாவு என்றால் சடசடவென்று பெய்து ஓய்ந்துவிடும், அதனால் பயனில்லை. விஷம் குடித்துச் சாவது கோதுமைக்கு நல்லது, மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். மலையுச்சியிலிருந்து விழுந்தால் வாய்க்கால் உடைப்பெடுக்கும், முன்கூட்டியே கரையைப் பலப்படுத்த வேண்டும். வாளால் குத்துப்பட்டு, மன்னிப்புக் கேட்டு, அம்மாவை நினைத்துச் சாவதைப்போல் பாதாம் மரத்துக்கு உகந்தது எதுவுமில்லை என்பதெல்லாம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விவரங்கள் ஆயின. ஊர்க்குழு ஒன்று ஆலிவ் எண்ணெயும் ஆட்டுப்பாற்கட்டியும் சுமந்து ரோமாபுரிக்குப் போய், நவம்பரில் கொஞ்சம் நீளமான சாவாகப் பார்த்துக் கொடுங்கள் என்று ஃபெருச்சோவிடம் கேட்டுக்கொண்டு வரும். கேமரா இல்லாமல் செத்தால் பெய்யாது என்பதையும் சோதித்துப் பார்த்தாயிற்று. ஈஸ்டருக்கு ஊர் வந்தவனைத் தோட்டத்தில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சாகவைத்தார்கள், ஒரு துளி விழவில்லை, அவனுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

இத்தாலியில் அந்தக் காலத்தில் படம் எடுக்கும்போது பேச்சைப் பதிவு செய்ய மாட்டார்கள். நடிகர்கள் வாயசைத்தால் போதும், பிறகு ஓர் இருட்டறையில் வேறொருவர் குரல் கொடுப்பார். கலோஜெரோவுக்குக் குரல் கொடுத்தவர் வடக்கே தூரின் நகரத்துக்காரர், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோன்ற கனத்த குரல். கலோஜெரோவின் சொந்தக் குரலோ மெலிசு, ஆட்டைக் கூப்பிடப் பழகிய குரல். ஒலி பதிவாகாது என்பதால் சாகும்போது அவன் மனசில் பட்டதைப் பேசிக்கொண்டிருந்தான். அவன் நடித்த படம் ஒன்று முதல் தடவையாக ஊருக்கு வந்து, கோயில் சுவரில் வெள்ளைத்துணி கட்டித் திரையிட்டபோது, ஒலிபெருக்கி கொடுங்கோலன் ஒழிக என்று முழங்கியது. முன்வரிசையில் இருந்த அசுந்தா சத்தமாக, கவசம் இடுப்பில் குத்துகிறதாம், மேற்கு ஓடைப் பக்கம் மழை விழுந்ததா என்று கேட்கிறான் என்றாள். மேற்கு ஓடைக்காரர்கள் எழுந்து நின்று, விழுந்தது, விழுந்தது என்று திரைக்குப் பதில் சொன்னார்கள். அன்றோடு ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் ரோக்காசேத்தேயில் கலோஜெரோ படமென்றால் அசுந்தாதான் பேசுவாள், அவன் திரையில் செத்ததும் ஊர் எழுந்து வீட்டுக்குப் போய்விடும். மிச்சப் படம் யாருமில்லாத சதுக்கத்தில் தானாக ஓடி முடியும்.

நாடெங்கும் அவன் பெயர் பரவியது. அவனைச் சிங்கம் தின்றது, ஒற்றைக்கண் அரக்கன் மிதித்தான், ரோமப் பேரரசர்கள் வரிசையாக நின்று கொன்றார்கள். புராணப் படங்களின் காலம் போய்க் குதிரையும் துப்பாக்கியுமான படங்கள் வந்தபோது, சுவரொட்டிகளில் ஜெர்ரி ஸ்டோன்ஃபீல்டு என்று அமெரிக்கப் பெயர் போட்டு அவனைச் சுட்டார்கள். நேப்பிள்ஸ் ரயில் நிலையத்தில் ஜனங்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, ஒரு தடவை செத்துக் காட்டு என்று கேட்பார்கள், அவனும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மரியாதைக்குக் கொஞ்சம் சாவான். ஆனால் கதாநாயகன் வேடம் மட்டும் யாரும் தரவில்லை. இவ்வளவு அழகாகச் சாகிறவனை உயிரோடு விட யாருக்குத்தான் மனசு வரும்?

ஓர் ஈஸ்டருக்கு வந்திருந்தபோது, அவனுடைய தலை நரைக்கத் தொடங்கியிருந்த வருஷம், வீட்டுப் படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த அசுந்தாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி அவன் சொன்னான்:

"எல்லாப் படத்துலயும் என்னை நடுவுலயே வீட்டுக்கு அனுப்பிடறாங்க அசுந்தா. ஒரு படத்துலயாவது கடைசி வரைக்கும் நிக்கணும். படம் எப்படி முடியுதுன்னு உள்ளேயிருந்து பாக்கணும்."

ஊருக்குத் தண்ணீர் தரும் மனிதன் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான், அதுவும் வெறுமனே நிற்பது. அவள் மொச்சையை உரித்து முடித்தாள்.

அடுத்த வருஷம் அது கைக்கு வந்தது. ஃபெருச்சோவுக்கு வயதாகிவிட்டிருந்தது, கடைசியாக ஒரு பெரிய படம் எடுக்க ஆசைப்பட்டார், அடிமைகளைத் திரட்டிக் கொடுங்கோலனை எதிர்க்கும் தலைவனின் கதை, தலைவன் கலோஜெரோ. ஒரே ஒரு நிபந்தனை, வசந்தத்தில் தொடங்கிக் கோடை முடியும்வரை அவன் வேறு எந்தப் படத்திலும் சாகக் கூடாது, வேறு படத்தில் பிணமாகக் கிடந்தவனை இந்தப் படத்தில் தலைவன் என்று யார் நம்புவார்கள் என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை அகாத்தா இந்தச் சேதியைத் தன் உதட்டில் சொன்னபோது அசுந்தா கடையிலேயே அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்தான்.

அப்புறம் மழை நின்றது. ஏப்ரலில் கதிர் பாதியிலேயே காய்ந்தது, ஜூனில் கிணறுகள் சேறு காட்டின, ஆகஸ்டில் பொதுத் தொட்டியின் அடிக்குப் பல்லிகள் திரும்பி வந்தன. ஆடுகளை விற்கத் தொடங்கினார்கள். ஒரு சாயங்காலம் மேயர் நுன்சியோ ஊர்க்கூட்டம் கூட்டினார். கலோஜெரோவுக்கு நாம் யாரும் கெடுதல் நினைக்கவில்லை, ஆனால் விதைப்புக்கு முன் தொட்டி நிரம்பாவிட்டால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான், ரோமாபுரிக்குப் போய், கடைசிக் காட்சியில் ஒரே ஒரு தடவை மட்டும் செத்துவிடும்படி அவனைக் கேட்டுக்கொள்வோம், ஊர் கேட்டால் அவன் தட்ட மாட்டான் என்றார். அது உண்மை, அவன் தட்ட மாட்டான், அதுதான் அசுந்தாவுக்குப் பயமாக இருந்தது. கைகள் ஒவ்வொன்றாக உயரத் தொடங்கியபோது அவள் எழுந்து நின்றாள்.

"அவன் செத்துச் செத்துத்தான் இந்த ஊர்ல கோதுமை விளைஞ்சிருக்கு. திரையில அவன் விழுந்தா, இது எந்த வருஷத்து மழைன்னு பேசிக்கிட்டு நீங்க எந்திரிச்சுப் போயிடறீங்க. அவன் முகத்தைப் பாக்கறது நான் ஒருத்திதான். ஈட்டி, பாம்பு, பீரங்கி எல்லாம் பாத்தாச்சு. இந்தத் தடவை அவன் நிக்கட்டும். மழை வேணும்னா நாம போய்ச் சாவோம்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஊர் கொந்தளித்தது. நாமெல்லாம் நடிகர்களா என்றார்கள், வானத்துக்கு அவனைத்தானே தெரியும், நம்மைத் தெரியுமா என்றார்கள், சாமியாரும் கூடவா என்றார் பங்குச் சாமியார். எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை, ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது எவ்வளவு நேரம்தான் கத்துவது. மேற்கு ஓடைக்காரர்கள்தான் முதலில் அடங்கினார்கள், பிறகு மற்றவர்கள். கடைசியில் மேயர் அவள் தோளைத் தொட்டார், அவள் கண்ணைத் திறந்தாள், எந்த ரயில் என்று அவர் கேட்டார்.

ஊரே கிளம்பியது. அகாத்தா மட்டும் வரவில்லை. மாடியில் பலகைகளில் தக்காளி விழுது வெயிலில் காய்கிறது, அதை விட்டுவிட்டு வெளியூரில் போய்ச் சாக எனக்கென்ன பைத்தியமா என்றாள். கடல் தாண்டும் படகில் மேல்தட்டு முழுக்க ஒத்திகை நடந்தது, ஒருவர் விழ மற்றவர் குறை சொல்ல, கலோஜெரோ படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஆதலால் அத்தனை பேருக்கும் சாவைப் பற்றிக் கறாரான அபிப்பிராயம் இருந்தது.

ஃபெருச்சோவின் கதையில் கடைசியில் அடிமைகள் ஜெயித்துத் தலைவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மேயர் அவரிடம், சோறும் படுக்க வைக்கோலும் போதும், இத்தனை பேரும் உங்கள் கூட்டத்தில் நிற்கிறோம், ஆனால் நாங்கள் சாக வேண்டும் என்றார். எல்லாருமா என்று கேட்டார் ஃபெருச்சோ. எல்லாரும், சாமியார் உட்பட, கலோஜெரோவைத் தவிர என்றார் மேயர். கிழவர் வெகுநேரம் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அத்தனை உடல்களுக்கு நடுவில் ஒருவன் மட்டும் கொடியோடு நிற்பது அவர் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும், தன் கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு மேயரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒத்திகையில் போர்க்கொம்பு ஊதியதும் முதலில் விழுந்தவன் கலோஜெரோ. மறுபடி ஊதினார்கள், மறுபடி விழுந்தான். வாள் உருவும் சத்தம் கேட்டாலே முழங்கால் தானாக மடங்கியது, அது அத்தனை வருஷப் பழக்கம், நல்ல மாடு வீட்டு வாசலில் தானே நிற்பதுபோல் அவன் உடம்பு தானே விழுந்தது. ஃபெருச்சோ தலையில் கைவைத்துக்கொண்டார். வேறு நடிகரைப் போடலாமா என்று தயாரிப்பாளர்கள் காதோடு காதாகப் பேசினார்கள், அவர்கள் உதடுகளை அசுந்தா தூரத்திலிருந்தே படித்துவிட்டாள். அவள் மைதானத்தின் குறுக்கே நடந்து அவனிடம் போனாள்.

"எனக்கு நிக்கத் தெரியல அசுந்தா. விழறதுக்கு என்ன பண்ணணும்னு தெரியும். நிக்கறதுக்கு என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் உன் காலடியில வந்து சாவேன். நீ நில்லு."

காலை வெயில் ஏறியதும் கேமரா ஓடத் தொடங்கியது. கொம்பு ஊதியது, குதிரைகள் வந்தன, ரோக்காசேத்தே ஊர் சாகத் தொடங்கியது. அப்படி ஒரு சாவை ரோமாபுரி பார்த்ததில்லை. மேயர் நுன்சியோ நெஞ்சில் அம்போடு ஒரு பாறைமேல் ஏறி, தொட்டியின் வடக்குச் சுவர் விரிசலை அடைப்பது பற்றி நீளமாகப் பேசிவிட்டு விழுந்தார். வரப்புத் தகராறில் பல வருஷமாக முகம் பாராத அண்ணனும் தம்பியும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, வரப்பை நீயே வைத்துக்கொள் என்று மாறி மாறிச் சொல்லிச் செத்தார்கள். பங்குச் சாமியார் எல்லாருக்கும் கடைசி ஆசீர்வாதம் கொடுக்க வேண்டியிருந்ததால் பலமுறை எழுந்து எழுந்து செத்தார். அசுந்தா விலாவில் ஈட்டியோடு கூட்டத்தைக் கடந்து வந்து, கணவன் காலடியில் உட்கார்ந்து, மெதுவாகச் சாய்ந்து, கண்ணை மூடி, அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

கலோஜெரோவின் முழங்கால் மடங்கப் பார்த்தது. கை இறுக்கிப் பிடித்தது. ஒரு குதிரை பக்கத்தில் கனைத்தது, வாள்கள் உரசின, மறுபடி மடங்கப் பார்த்தது, மறுபடி கை பிடித்தது. அப்புறம் அவன் கொடிக்கம்பை மண்ணில் ஊன்றி முதுகை நிமிர்த்தினான், கீழே பார்த்து ஏதோ சொன்னான், நின்றான். அவன் என்ன சொன்னான் என்பது குதிரைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கண்ணை மூடியிருந்தவளுக்கு அவன் பேசியதே தெரியாது. கேமராவில் படச்சுருள் தீர்ந்துபோய், போதும், எழுந்திருங்கள் என்று ஃபெருச்சோ கத்தினார். யாரும் எழுந்திருக்கவில்லை. பாறைக்கு அடியிலிருந்து மேயர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, வேறு சுருள் போடுங்கள், தொட்டி பெரியது என்றார். கிழவர் வேறு சுருள் போட்டார்.

எல்லாம் முடிந்து, மேலெல்லாம் ரத்தச் சாயத்தோடு ஊர் முழுக்கப் படப்பிடிப்பு அலுவலக அறையின் தொலைபேசியைச் சுற்றி நின்றது. மேயர் பேசினார். அங்கே எப்படி என்று கேட்டார். மறுமுனையில் அகாத்தாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எப்படியா? என் தக்காளி விழுது மொத்தமும் தெருவுல ஓடுது. தொட்டி வழிஞ்சு கடைக்குள்ள தண்ணி வந்துருச்சு. சாகறவங்க கொஞ்சம் நிதானமாச் செத்தா என்னய்யா?"

மேயர் அதை உதட்டில் அசுந்தாவுக்குச் சொல்ல முயன்றார், அழுகையில் உதடு கோணியதால் அவளால் படிக்க முடியவில்லை, ஆனால் அதற்குள் செத்தவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஃபெருச்சோ கிழித்துப்போட்ட கதையில் இருந்தபடியே கலோஜெரோவை அவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அதைப் படம் பிடிக்க ஃபெருச்சோவிடம் சுருள் மிச்சமில்லை.

படம் ஓடியது, சாதாரணமாக இல்லை, திரையரங்குகளில் ஜனங்கள் அவன் நிற்பதைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்களாம். ஜெர்ரி ஸ்டோன்ஃபீல்டு என்ற பெயரை எடுத்துவிட்டுச் சுவரொட்டியில் கலோஜெரோ என்றே போட்டார்கள். அதன் பிறகு எந்தப் படமென்றாலும், சாவதற்கு ஆள் வேண்டுமா, ரோக்காசேத்தேக்குச் சொல்லியனுப்பு என்றாகிவிட்டது. இன்றைக்கும் விதைப்புக்கு முன்னால் அந்த ஊரிலிருந்து ஒரு பேருந்து கிளம்பும், யார் சாவது என்பதில் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், முறை தப்பினால் சண்டை வரும். ஒருவன் தோளில் இருந்த பாரத்தை ஊரே பங்கு போட்டுக்கொண்டது, யார் தோளும் வலிக்கவில்லை.

ரோமாபுரியின் முதல்நாள் விழாவுக்குக் கலோஜெரோ போகவில்லை. ஊரில்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டான். மேற்கு ஓடைப் பக்கம் கோதுமை இடுப்புக்கு மேல் நின்ற ஒரு சாயங்காலம், கோயில் சுவரில் துணி கட்டினார்கள், ஒலிபெருக்கியை வழக்கம்போல் போடவில்லை. முன்வரிசையில் அசுந்தா, பக்கத்தில் அவன். தங்கள் சாவு வரும்போதெல்லாம் ஊர் கைதட்டிக்கொண்டது, அகாத்தா மட்டும் மேயர் ரொம்ப மிகை என்றாள். கடைசியில் எல்லாரும் விழுந்து முடிந்து, துணியில் கலோஜெரோ ஒருவன் நின்றான், குனிந்து பார்த்தான், உதடு அசைந்தது.

அசுந்தா பேசவில்லை. ஊர் காத்திருந்தது. என்ன சொல்கிறான் என்று மேயர் அவள் முன்னால் வந்து நின்று கேட்டார். கலோஜெரோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடிக்கொள்வாள் என்று எல்லாரும் நினைத்தார்கள், அவள் மூடவில்லை, துணியையே பார்த்தபடி, ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்:

"'காலை விடு அசுந்தா. நான் நிக்கறேன்.'"

துணியில் அந்தக் கை காலை விடவில்லை, அவன் சொன்னது அப்போது அவளுக்குத்தான் தெரியாதே. அவன் நின்றுகொண்டேயிருந்தான், கொடி அசைந்தது, வெயில் சாய்ந்தது, முற்றும் என்ற எழுத்துகள் வந்து துணி வெறுமையாகும்வரை ஒருவரும் வீட்டுக்கு எழுந்து போகவில்லை. ரோக்காசேத்தே ஊர் முதல் தடவையாக ஒரு படத்தைக் கடைசிவரை பார்த்தது.